வெற்று வானம் என்று குறித்த இடங்கள்

ஒருவனைப் பொய்யன் என்று சொல்லக் கூச்சல் போட வேண்டியதில்லை. மரியாதையாகவும் சொல்லலாம். "நண்பர் ஆர்வ மிகுதியில் தூரிகையையும் கொஞ்சம் பயன்படுத்திவிட்டார் போலிருக்கிறது" என்று ஒரே ஒரு வரி. எழுதியவர் வானம் பார்ப்போர் குழுவின் தலைவர். ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர் என்பதால் எல்லாருக்கும் அவர் கணக்கு வாத்தியார். அந்த வரி யாரைப் பற்றியதோ அவன் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவன். முப்பத்தெட்டு வயது, தனிக்கட்டை. தெருக்காரர்கள் வைத்த பெயர் ஆந்தை. அக்கா மட்டும் தம்பி என்பாள்.

அக்கா கீழ்வீட்டில் பள்ளிச் சீருடை தைப்பவள். மாடியில் ஓர் அறையும் மொட்டைமாடியும் தம்பிக்கு. ஒன்பது வருடம் பழைய சாமானாகப் பார்த்துப் பார்த்து வாங்கிச் சேர்த்த தொலைநோக்கி அங்கேதான் இருந்தது. பக்கத்து விளக்கு வெளிச்சம் அதன் குழாய்க்குள் விழக் கூடாது என்று அக்காவிடம் கறுப்புத் துணியில் ஓர் உறை கேட்டான். அவள் டேப் எடுத்து, கழுத்து, மார்பு, இடுப்பு என்று குழாயை அளந்தாள்.

"உன் கல்யாணச் சட்டையை நான்தான் தைக்கணும்னு இருந்தேன். கடைசில இதுக்குத் தைக்க வெச்சிட்ட."

"இதுக்கு மாமியார் கிடையாதேக்கா. சிக்கல் இல்ல."

"சிக்கல் இல்லாமயா ராத்திரியெல்லாம் கண் முழிக்கிற?"

அவன் துரத்திக்கொண்டிருந்தது ஒரு நெபுலா. நட்சத்திரங்களுக்கு நடுவே பரந்து கிடக்கும் வாயு மேகம். அதிலும் இது மங்கலிலும் மங்கல். எந்தத் தொலைநோக்கியில் கண்ணை வைத்தாலும் தெரியாது. கேமராவை மாட்டி, ஐந்தைந்து நிமிடப் படமாக, ஒரே இடத்தைப் பல இரவுகள் எடுக்க வேண்டும். பிறகு நூற்றுக்கணக்கான படங்களைக் கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கூட்ட வேண்டும். ஒழுகுகிற குழாயின் கீழே குடம் வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிற கதைதான். ஒரு சொட்டைப் பார்த்தால் ஒன்றுமில்லை. விடியும்போது குடம் நிறைந்திருக்கும்.

போன வருடம் அப்படி நிறைந்த படத்தில், தென்மேற்கு வானத்தில் ஒரு நட்சத்திரத்துக்குக் கீழே, சாம்பலும் சிவப்புமாக ஏதோ படத்தின் பெரும்பகுதியில் படர்ந்திருந்தது. ஒரு பக்கம் மட்டும் விளிம்பு கிழிந்தது போல. தன்னிடமிருந்த பட்டியல்களை எல்லாம் புரட்டினான். அங்கே மேகம் இருப்பதாக எதிலும் இல்லை. கால் தரையில் நிற்காமல் அன்றே குழுவில் போட்டான். இரண்டு பேர் தாங்களும் அந்த இடத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்றார்கள். கணக்கு வாத்தியார், "கூட்டாத மூலப் படங்களை அனுப்புங்கள், நாங்களே கூட்டிப் பார்க்கிறோம்" என்று கேட்டார்.

மூலப் படங்கள் இல்லை. கம்ப்யூட்டரில் இடம் போதாமல் அழித்திருந்தான். உண்மை அதுதான். ஆனால் எழுதி முடித்து வாசித்தபோது, மாட்டிக்கொண்டவன் சொல்லும் சாக்கு போல அவனுக்கே கேட்டது. அதற்குப் பதிலாக வந்ததுதான் அந்தத் தூரிகை வரி.

மறுபடி எடுத்துக் காட்டுவதைத் தவிர வழியில்லை. அதற்கு ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். அந்த நட்சத்திரம் மாலை வானத்துக்குத் திரும்பி வரவேண்டுமே. வந்தது. அது வருவதற்குள் எதிர்ப்புறம் மேற்கே ஒரு கட்டடமும் வந்துவிட்டது.

ஐந்து மாடி. அவன் எடுக்கத் தொடங்கிய அன்று மூன்றாவது மாடிக்குத் தூண் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். வாரத்துக்கு வாரம் நட்சத்திரம் கீழே இறங்க, கட்டடம் மேலே ஏறியது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அவன் முதலில் பார்ப்பது மேற்குத் திசையைத்தான். பலகை அடித்திருக்கிறார்களா? கம்பி கட்டியாயிற்றா? நாலாவது மாடி முடிந்த பிறகு ஓர் இரவுக்குக் கிடைத்தது ஒன்றரை மணி நேரம்தான். நிலா இல்லாத இரவில் மழைமேகம். மேகம் விலகிய இரவில் நிலா. தொட்டதெல்லாம் தட்டிப்போன அந்த இரண்டு மாதத்தில் பதினாறு இரவு தேறியது. இருபத்தேழு மணி நேரப் படம். பதினேழாவது இரவு வாய்க்க இருந்த நாளில் ஐந்தாவது மாடியின் கூரைக்குக் காங்கிரீட் ஊற்றினார்கள். இருட்டியதும் அவன் நட்சத்திரத்தைத் தேடினான். அது கட்டடத்துக்குப் பின்னால் இருந்தது.

போகட்டும், இருபத்தேழு மணி போதும் என்று உட்கார்ந்தான். இந்த முறை யாரும் குறை சொல்லக் கூடாது. ஊர் விளக்குகளின் வெளிச்சமும் படத்தில் பதிந்துவிடும்; அதைக் கழிக்கக் குழுவில் ஒரு முறை சொல்லிக்கொடுத்திருந்தார்கள், போன வருடம் அவனுக்கு அது தெரியாது. படத்தில் வெற்று வானமாக இருக்கும் இடங்களில் புள்ளி வைக்க வேண்டும். அந்தப் புள்ளிகளில் இருக்கிற வெளிச்சம் எல்லாம் விளக்கு வெளிச்சம் என்று எடுத்துக்கொண்டு, படம் முழுவதிலும் அதைக் கம்ப்யூட்டர் நிரல் கழித்துவிடும். முப்பது புள்ளி போதும் என்றிருந்தது. அவன் ஒழுங்குக்காரன், இருநூற்றுப் பதினான்கு வைத்தான். எந்த நட்சத்திரத்தின் மேலும் படாமல், ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்து, இரண்டு நாள் உட்கார்ந்து வைத்தான்.

படம் வந்தது. துடைத்து வைத்த கண்ணாடி போல வானம். நட்சத்திரங்கள் ஊசி முனைகள். மேகம் இல்லை.

வெளிச்சத்தைக் கூட்டினான், குறைத்தான். திரையைச் சாய்த்துப் பார்த்தான். படங்களை மறுபடி முதலிலிருந்து அடுக்கிக் கூட்டினான். இல்லை.

அன்றிலிருந்து அவனைப் பிடித்த பயம் வேறு வகை. ஊர் நம்பவில்லை என்பது ஒரு துக்கம். தன்னைத் தானே நம்ப முடியவில்லை என்றால் எங்கே போய்ச் சொல்வது? போன வருடம் படத்தில் வண்ணம் சரிசெய்தது நினைவிருந்தது. அப்போது கை தானாகப் போய் ஏதாவது தீட்டியிருக்குமோ? இல்லை என்று சத்தியம் செய்ய அவனால் முடியவில்லை. தூக்கக் கலக்கத்தில் இருந்தவன், ஆசைப்பட்டவன். ஆசைக்குக் கண் கிடையாது என்பார்களே.

ஆஸ்பத்திரியிலும் அந்தப் பயம் பின்னால் வந்தது. ஒரே கையை இரண்டு முறை படம் எடுத்தான். எடுத்த படத்தில் பேரைச் சரிபார்த்துவிட்டு, வாசல் வரை போய்த் திரும்பி வந்து மறுபடி சரிபார்த்தான். "ஒரு தடவை போதும் தம்பி, எலும்பு எங்கயும் ஓடிடாது" என்றாள் ஒரு கிழவி. எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான், முகம் மட்டும்.

ஐந்தாம் நாள் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினான். "இந்த வருடப் படத்தில் மேகம் இல்லை. போன வருடப் படம் தவறு. எப்படித் தவறியது என்று எனக்கே தெரியவில்லை. மன்னிக்கவும்." அனுப்பிவிட்டு, கறுப்பு உறையை மடித்துக் கீழே கொண்டுபோய் அக்காவின் தையல் மிஷின் மேல் வைத்தான்.

"என்னடா இது?"

"பிரிச்சு வேற ஏதாவது தைச்சுக்கக்கா. நல்ல துணி."

அவள் அதைத் தொடவில்லை. "நீ அதைப் பாத்தியா, பாக்கலையா?"

"தெரியலக்கா."

"தெரியலன்னா என்ன அர்த்தம்? திருட்டு வேலை செஞ்சா செஞ்சவனுக்குத் தெரியாதா?"

"அதான் பயமா இருக்கு."

அவன் கண் கலங்கியிருந்தது. அப்பா போனபோது கூட அழாமல் நின்றவன். அக்கா மிஷினை நிறுத்திவிட்டு, உறையை எடுத்துத் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, "பிரிக்கணும்னா தைச்சவ கிட்ட கேக்கணும்" என்றாள்.

குழுவில் அவன் நேர்மையைப் பாராட்டி ஏழெட்டுப் பேர் எழுதினார்கள். அந்தப் பாராட்டு, விழுந்தவன் முதுகில் ஏறி நின்று கை தட்டியது போல இருந்தது.

மறுவாரம் ஆஸ்பத்திரிக்கு ஒரு லாரி டிரைவர் வந்தார். மூச்சு வாங்கியது. நெஞ்சுப் படம் எடுத்தான். திரையில் பளிச்சென்று, ஒரு குறையும் இல்லாமல் வந்தது. அந்த வேளைக்கு இருந்த டாக்டரம்மா படத்தைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

"இவர் உதடு நீலமா இருக்கு. இந்தப் படம் மாப்பிள்ளை பாக்கப் போற மாதிரி இருக்கு. மெஷின் பூசின பவுடரைத் துடைச்சிட்டுக் காட்டுங்க."

மெஷின் தானாகவே வெளிச்சத்தைச் சமன்படுத்தித்தான் படத்தைக் காட்டும். அதை நிறுத்திவிட்டு மூலப் படத்தைப் போட்டான். இரண்டு நுரையீரலும் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக, பனி மூடிய கண்ணாடி போல மங்கியிருந்தன.

"பாத்தீங்களா? ஒரு மூலைல மட்டும் மங்கல் இருந்தா மெஷினுக்குத் தெரியும். முழுசும் மங்கலா இருந்தா, அதுதான் வெறும் நெஞ்சுன்னு நினைச்சுக்கிட்டுக் கழிச்சிடும்."

டிரைவரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவன் அங்கேயே நின்றான். அவன் படம் பிடித்தது ஒரு மூலையில் இருந்த மேகத்தையா? போன வருடம் அது ஏறக்குறைய படம் முழுக்கப் படர்ந்திருந்ததே. அப்படியானால் வெற்று வானம் என்று அவன் புள்ளி வைத்த இடமெல்லாம்?

வீட்டுக்கு ஓடினான். செருப்பைக் கழற்றாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். இருநூற்றுப் பதினான்கு புள்ளிகளும் அப்படியே இருந்தன. போன வருடப் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். நூற்று எழுபதுக்கு மேல் அந்த மேகத்தின் உடம்பிலேயே குத்தியிருந்தது. இதுதான் விளக்கு வெளிச்சம், இதைக் கழி என்று மேகத்தைக் காட்டிக் கொடுத்து, அவனே ஆள் நியமித்துத் துடைக்கச் சொல்லியிருக்கிறான். குறைவாகப் புள்ளி வைத்த சோம்பேறிக்குக் கூடக் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். பார்த்துவிட்டு இல்லை என்று சொன்ன அந்த இரண்டு பேரும் இதே முறைக்காரர்கள்தான்.

புள்ளிகளை எல்லாம் எடுத்தான். திரையில் ஒரு மங்கல் திரும்பி வந்தது.

சந்தோஷம் ஐந்து நிமிடம் கூட நிற்கவில்லை. இது மேகமா, தெரு விளக்கா? இரண்டும் இப்போது பாலும் தண்ணீருமாகக் கலந்து கிடந்தன. கேமராவின் குறையாகவும் இருக்கலாம். பிரித்துக் காட்ட ஒரே வழி, வேறு ஓர் இடத்திலிருந்து, கேமராவைத் தலைகீழாக மாட்டி மறுபடி எடுப்பது. குறை கேமராவில் என்றால் மங்கலும் தலைகீழாகும். தெரு விளக்கு என்றால் இடம் மாறியதும் உருவம் மாறும். அசல் மேகம் நட்சத்திரத்தை விட்டு நகராது. ஆனால் எங்கே போவது? பஸ்ஸில் தூக்கிப் போகும் எடை இல்லை. நட்சத்திரம் சூரிய அஸ்தமனத்தோடு மறைய இன்னும் பத்து நாள். மேற்கே சுவர்.

அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு மாடியில் நின்றான். எதிரி மாதிரி நின்றது அது.

அக்கா மேலே வந்தாள். அவன் திக்கித் திக்கிச் சொன்னதை எல்லாம் கேட்டாள். பாதிதான் புரிந்திருக்கும்.

"உயரமா, இருட்டா, மேற்கே மறைப்பில்லாத இடம் வேணும். அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான். அதுக்கு எங்க போக?"

"மறைக்கிறவன் தலைமேலயே ஏறி நில்லு."

அவன் அவளைப் பார்த்தான். இரண்டு மாதமாகக் கட்டடத்தைச் சபித்தவனுக்கு அதன் மேல்தளம் ஒன்று இருக்கும் என்று தோன்றவே இல்லை.

அந்தக் கட்டடத்து மேஸ்திரி தினமும் மாலையில் சைக்கிளை அக்காவின் வாசலில்தான் சாத்துவார். அவர் பேரன் சீருடைக்கு அவள்தான் தையல்காரி. அவரிடம் அக்காவே பேசினாள்.

"அண்ணே, உங்க மேல்தளத்துல என் தம்பிக்கு ராத்திரி ரெண்டு மணி நேரம் இடம் வேணும்."

"எதுக்கும்மா? குதிக்கவா?"

"நட்சத்திரம் பாக்க."

மேஸ்திரி அவனை மேலும் கீழுமாகப் பார்த்தார். இரண்டு வார தாடி. "முகத்தைப் பாத்தா குதிக்கிறவன் மாதிரிதான் இருக்கு. நீயும் கூட வரதா இருந்தா சரி. காங்கிரீட் இறுக பாத்தி கட்டித் தண்ணி நிறுத்தியிருக்கேன், கணுக்கால் நனையும். கைப்பிடிச் சுவர் இன்னும் வரல. விழுந்தா என் பேரு கெட்டுப்போகும்."

"நான் இடுப்புல கயிறு கட்டிப் பிடிச்சுக்கறேண்ணே."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கட்டினாள்.

அலமாரியைத் திறந்து உறையை எடுத்துக் கொடுத்தாள். முக்காலித் தாங்கி, குழாய், அதைச் சமன்செய்யும் எடைக்கட்டை, பேட்டரி எல்லாவற்றையும் கைப்பிடி இல்லாத படிகளில் ஆறு நடையாக ஏற்றினார்கள். முக்காலியின் மூன்று காலும் தண்ணீரில் நின்றன. தெரு விளக்குகள் எல்லாம் கீழே போயிருந்தன. கேமராவைத் தலைகீழாக மாட்டினான். முதல் இரவு முழுக்க மழைமேகம். ஒரு படம் கூட இல்லை. இரண்டாவது இரவும் அப்படியே. மூன்றாவது இரவு படிக்கட்டில் உட்கார்ந்து அழுதான். கயிற்றின் மறுமுனையில் அக்கா சட்டைக்குக் காஜா தைத்துக்கொண்டிருந்தாள், மடியில் ஒரு சின்ன டார்ச்சோடு.

"அதை அணைச்சிடுக்கா. வெளிச்சம்."

"மேகம்தானே இருக்கு? எதை எடுக்கப் போற?"

நாலாவது, ஐந்தாவது, எட்டாவது இரவுகள் திறந்தன. அக்காவின் டார்ச் விழுந்து கெட்ட ஒரு படம் போக, மொத்தம் நாலரை மணி நேரம். எட்டாவது இரவில் கடைசிப் படம் எடுக்கும்போது நட்சத்திரம் தொடுவானத்துப் புகையில் சிவந்து கரைந்துகொண்டிருந்தது. இந்த வருடம் அவ்வளவுதான்.

நாலரை மணியில் என்ன தெரியும்? ஏதோ தெரிகிற மாதிரி இருந்தது. அந்த 'மாதிரி'யைத்தான் அவன் நம்ப மறுத்தான். பார்க்க ஆசைப்படுகிற கண் பார்க்கத்தான் செய்யும். ஆகவே இரண்டு படத்தையும், பழைய இருபத்தேழு மணியையும் புதிய நாலரை மணியையும், ஒரே அளவில் கறுப்பு வெள்ளையில் கடையில் அச்சடித்தான். போன வருடப் படத்தை அக்கா பார்க்காதபடி எடுத்து ஒளித்தான். முதல் தாளை அவளிடம் கொடுத்தான்.

"இதுல ஒரு கறை இருக்கா? இருந்தா அதோட ஓரம் எங்க? எனக்குச் சொல்லாத, ஓரத்துல குண்டூசி குத்து."

அவள் தாளை வெட்டுப் பலகையில் விரித்து நிறுத்திவிட்டு, வாசல்படி வரை பின்னால் போய்க் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். துணியில் சாயம் ஏறி இறங்கியிருப்பது கிட்டத்தில் தெரியாது என்பது அவள் தொழில் பாடம். வந்து ஒரு குண்டூசி குத்தினாள். மறுபடி வாசலுக்குப் போனாள். ஓர் ஊசிக்கு ஒரு நடை. முப்பத்தொன்பது ஊசி. அன்று தைக்க வேண்டிய பாவாடைகள் அப்படியே கிடந்தன.

முதல் தாள் அவளுக்கு மறக்கட்டும் என்று ஆறு நாள் கழித்து இரண்டாவது தாளைக் கொடுத்தான், தலைகீழாக, எந்தப் படம் என்று சொல்லாமல். இந்த முறை ரொம்ப நேரம் வாசல்படியிலேயே நின்றாள்.

"இது ரொம்ப லேசு தம்பி. சில இடத்துல எனக்கே நிச்சயமில்ல."

"நிச்சயமில்லாத இடத்துல குத்தாத."

பதினெட்டு ஊசிதான் குத்தினாள்.

ஊசிகளை எடுத்துவிட்டு இரண்டு தாளையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். ஃபிலிம் காலத்தில் எக்ஸ்ரே பார்க்க வைத்திருந்த விளக்குப் பெட்டி ஒன்று சுவரில் சும்மா தொங்கியது. மதிய இடைவேளையில் கதவைச் சாத்திவிட்டு, முதல் தாளை அதில் செருகினான். இரண்டாவது தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். பொருந்தவில்லை என்றால் இனி தன் கண்ணால் எதையும் பார்க்க மாட்டோம் என்று தோன்றியது. தாளை நிமிர்த்தி, அச்சாகியிருந்த பெரிய நட்சத்திரங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, விளக்கைப் போட்டான்.

முப்பத்தொன்பது துளையும் பதினெட்டுத் துளையும் வெளிச்சப் புள்ளிகளாக எரிந்தன. இரண்டு துளைகள் எங்கோ விலகி நின்றன. மீதிப் பதினாறும் முதல் வரிசையை ஒட்டியே, ஒரு விரல் அகலம் தள்ளாமல், அந்தக் கிழிந்த விளிம்பின் வளைவு வரை கூடவே போயின.

டாக்டரம்மா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். "யாரோட படம்? எந்த எலும்பு இது?"

"எலும்பு இல்ல டாக்டர்."

"பின்னே?"

அவன் முக்காலியில் உட்கார்ந்துவிட்டான். அவர் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்துவிட்டு மேற்கொண்டு கேட்காமல் போனார்.

குழுவுக்கு இன்னொரு கடிதம் எழுதினான். மேகம் இருக்கிறது என்று எழுதவில்லை. புள்ளிகளை எங்கே வைத்தான், அதனால் எது அழிந்தது, விலகிய இரண்டு ஊசி எவை, எல்லாவற்றையும் எழுதினான். ஒருவர் சிரிப்புப் பொம்மை போட்டார். ஒருவர், "முதலில் உண்டு, பிறகு இல்லை, இப்போது மறுபடி உண்டா?" என்றார். நாலாம் நாள் கணக்கு வாத்தியாரிடமிருந்து ஒரே வரி. "மூலப் படங்களை அனுப்புங்கள்."

"என்னடா சொல்றாங்க?" என்றாள் அக்கா, மிஷினை நிறுத்தாமல்.

"மூலப் படம் கேக்கறாங்க."

"இருக்கா?"

அவன் மாடிக்குப் போய் முதல் இரவிலிருந்து அனுப்பத் தொடங்கினான். முழுவதும் போய்ச் சேர இரண்டு நாளாகும் என்று காட்டியது. மழைமேகம் மூடியவை, காற்றில் ஆடியவை, யாரோ விளக்கைப் போட்டுக் கெடுத்தவை, அக்காவின் டார்ச் தெரிந்த அந்த ஒன்று, எல்லாம் அதில் இருந்தன. இந்த முறை அவன் ஒன்றையும் அழித்திருக்கவில்லை.